லென்ஸோடு கடலில் இறங்காதீர்கள்

“அக்கா, கண்ணுக்குள்ள மண் கிடக்கிற மாதிரி இருக்கு” என்றபடி ஒரு புதன்கிழமை அந்தப் பிள்ளை வந்தாள். கம்பஸில் படிக்கிறவள். சனிக்கிழமை சிநேகிதிகளோடு நிலாவெளிக் கடலுக்குப் போய், கண்ணில் போட்ட கொன்டக்ட் லென்ஸோடு குளித்திருக்கிறாள். களைப்பில் இரவு அதைக் கழற்றாமலே படுத்துவிட்டாள். ஞாயிறு கண் சிவந்தது. அம்மா பன்னீர் விட்டார். திங்கள் பாமசியில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினார்கள். நான் பார்க்கும்போது வலது கருவிழியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. வெளிச்சம் பட்டாலே கண்ணீர் ஓடியது.

உடனே கண் வைத்தியரிடம் அனுப்பினேன். மணிக்கொரு தடவை மருந்து. இரவிலும் அலாரம் வைத்து எழும்பி அம்மாதான் விட்டார். பார்வை பெரும்பாலும் திரும்பியது. தழும்பு மட்டும் போகவில்லை.

திருகோணமலையில் கண் பரிசோதிக்கிற எனக்கு லென்ஸ் போடுகிறவர்களிடம் முதலில் சொல்லத் தோன்றுவது இதுதான்: தண்ணீரையும் லென்ஸையும் சேர விடாதீர்கள். எந்தத் தண்ணீரும். கடல், கிணறு, பைப், போத்தலில் விற்கும் குடிதண்ணீர் எல்லாம்தான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் அகந்தமீபா என்ற ஒற்றைக்கல உயிரி இருக்கலாம். அது கூடுபோல ஒரு உறைக்குள் சுருண்டுகொண்டால் குளோரினுக்குக்கூடச் சாகாது. வெறும் கண்ணில் பட்டால் கண்ணீரும் இமையும் பெரும்பாலும் கழுவித் தள்ளிவிடும். மென்மையான லென்ஸோ பஞ்சுபோலத் தண்ணீரை உறிஞ்சி, கிருமியைக் கருவிழியோடு ஒட்டி வைத்திருக்கும். அகந்தமீபா தொற்று அரிதானதுதான். ஆனால் வந்துவிட்டால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டும். வெளியே தெரியும் சிவப்பைவிட வலி பல மடங்கு இருக்கும்.

கன்னியாவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும்போது கண்ணுக்குள் போகாமல் இருக்காது. உப்பில்லாத தண்ணீர் பட்டால் லென்ஸ் இறுகிக் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் நகத்தால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உரியும். லென்ஸுக்கு ஏற்ற ஈரச் சொட்டு விட்டு, அது தானாக அசையும்வரை பொறுத்துக் கழற்றுங்கள். பிதிர்க்கடன் செய்யப் போகிற நாளில் கண்ணாடியோடு போவது இன்னும் நல்லது. தொழுகைக்கு முன் வுழூ செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவி, துடைத்த பிறகு திறந்தால் போதும்.

தூங்கும்போது ஏன் கழற்றச் சொல்கிறோம்? கருவிழியைக் கண்ணாடிபோல மூடியிருக்கும் விழிவெண்படலத்தில் இரத்தக் குழாய் கிடையாது. ஒட்சிசனை அது காற்றிலிருந்தே எடுக்கிறது. இமை மூடினாலே அது குறையும். லென்ஸும் இருந்தால் மூச்சுமுட்டும். லென்ஸோடு தூங்கினால் தொற்று ஏற்படும் ஆபத்து 6 முதல் 8 மடங்கு கூடுகிறது. மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டாலும் கழற்றத்தான் வேண்டும்.

சலைன் போத்தலை லென்ஸ் கரைசல் என்று நினைத்துப் பாவிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சலைன் கழுவும், கிருமியைக் கொல்லாது. நேற்றைய கரைசலுக்கு மேலே இன்று கொஞ்சம் ஊற்றி நிரப்புவதும் அதே பிழை. தினமும் புதிதாக ஊற்றுங்கள். லென்ஸை உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்துக் கழுவுங்கள். டப்பாவைக் கரைசலால் கழுவிக் கவிழ்த்துக் காய வையுங்கள். 3 மாதத்துக்கு ஒன்று மாற்றுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் மட்டும் காணாது, துடைத்து உலர்த்தவும் வேண்டும்.

இப்போது சாமத்திய வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் கலர் லென்ஸ் போடுகிறார்கள். பவர் இல்லாததுதானே என்று யாரும் கண்ணை அளந்து பார்ப்பதில்லை. ஒருவர் போட்டதைப் பைப் தண்ணீரில் கழுவி இன்னொரு பிள்ளைக்கு வைத்ததையும் கண்டிருக்கிறேன். மனம் பதறியது. வீடியோவுக்காக 13 வயதுப் பிள்ளையின் கண்ணைப் பணயம் வைக்காதீர்கள், அம்மாமாரே.

லென்ஸ் போடுகிற கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அன்றைக்கே கழற்றிவிட்டுக் கண் வைத்தியரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் எறிய வேண்டாம், கையோடு கொண்டுபோங்கள். என்ன கிருமி என்று அதிலிருந்தும் கண்டுபிடிக்கலாம். ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி விடாதீர்கள். அது சிவப்பைக் குறைத்துக் காட்டும், உள்ளே தொற்று பரவும். பன்னீர், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். கண்ணைத் துணியால் கட்டவும் வேண்டாம்.

தழும்பு நடுவில் விழுந்து பார்வையை மறைத்தால் இன்னொருவரின் விழிவெண்படலத்தைத்தான் பொருத்த வேண்டி வரும். 1961 இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்தின் மூலம் நம் நாடு எத்தனையோ நாடுகளுக்கு அதைக் கொடுத்திருக்கிறது. ஒருவர் இறந்த பிறகு தந்துவிட்டுப் போகிற பொருள் அது.

கடலை விட மனமில்லாதவர்கள் பவர் போட்ட நீச்சல் கண்ணாடி வாங்கலாம். போன கிழமை அந்தப் பிள்ளை திரும்ப வந்தாள். புறாத்தீவுக்குப் போகப் போகிறாளாம், அப்படிப்பட்ட கண்ணாடிக்குத் தன் அளவை எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன்.