பத்துக் கிலோ எடைக்கல்லும் ட்ரெய்னர் காட்டும் வாட்டும்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து சைக்கிள் ஓட்டும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் ட்ரெய்னரில் மிதிக்கும்போது அது 225 வாட் காட்டுகிறது. அதே நேரத்தில் கிராங்கில் உள்ள பவர் மீட்டர் 205தான் என்கிறது. எதை நம்புவது?"

(ட்ரெய்னர் என்பது சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி. கிராங்க் என்பது பெடலைத் தாங்கும் கை. பவர் மீட்டர் நம் மிதியை வாட்டில் அளப்பது.) இரண்டில் ஒன்றாவது தப்பு என்பதை எதையும் சோதிக்காமலே சொல்லிவிடலாம். காலின் ஆற்றல் முதலில் கிராங்கைக் கடந்து, பிறகு சங்கிலி வழியாகத்தான் ட்ரெய்னருக்குப் போகிறது. போகிற வழியில் உராய்வில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கழியும். ஆக, கிராங்க் 205 என்றால் ட்ரெய்னர் 200 பக்கம் காட்ட வேண்டும். கழிய வேண்டிய இடத்தில் 20 வாட் கூடுகிறது என்றால், ஆற்றல் அழிவின்மை விதிக்கு அஸ்தம்பட்டியில் மட்டும் விடுமுறை விட்டிருக்க வேண்டும்.

ட்ரெய்னர் தரப்பில் தவறு வரும் வழிகள் தெரிந்தவைதான். சில மாடல்கள் விசையை அளப்பதே இல்லை. மிதிக்கு எதிர்ப்புத் தரும் காந்த பிரேக்குக்குப் போகும் மின்னோட்டத்தையும் சக்கர வேகத்தையும் வைத்துக் கணக்குப் போடுகின்றன. உள்ளே இருக்கும் பெல்ட் சூடானால் உராய்வு மாறும், கணக்கும் மாறும். பத்து நிமிடம் மிதித்துச் சூடாக்கிய பிறகு ஸ்பின்டவுன் (வேகமாக மிதித்துவிட்டு நிறுத்தி, சக்கரம் தானாக வேகம் குறைய ஆகும் நேரத்தை ட்ரெய்னரையே அளக்கவிடுவது) செய்யச் சொல்வது இதனால்தான்.

கிராங்க் மீட்டர் கதை இதைவிடச் சுவையானது. கிராங்க் கையில் நகக்கண் அளவுக்கு நெளிநெளியான ஓர் உலோக இழை ஒட்டியிருக்கும். பெயர் ஸ்ட்ரெயின் கேஜ். நீங்கள் மிதிக்கும்போது கிராங்க் கொஞ்சம் வளையும். அந்த இழை பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீண்டால், அதன் மின்தடை பத்தாயிரத்தில் இரண்டு பங்கு கூடும். 350 ஓம் இழை என்றால் கூடுவது 0.07 ஓம். சாதாரண மல்டிமீட்டரில் இது தட்டுப்படவே படாது. இதைப் பிடிக்கத்தான் பிளஸ் டூ இயற்பியலில் படித்த வீட்ஸ்டன் சமனச்சுற்று. நான்கு தடைகள் சமமாக நிற்கும்வரை நடுவில் மின்னழுத்தம் சுழி. ஒன்று இம்மி அசைந்தாலும் தெரிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் பருப்பு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

இதற்குள் ஒரு வில்லன் உண்டு: வெப்பம். அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். ஐந்து டிகிரி ஏறினாலே, மேலே சொன்ன மிதியை விட வெயில் அதிகமாக நீட்டிவிடும்! நான்கு தடைகளும் ஒன்றாகச் சூடாவதால் சுற்று பெரும்பாலும் சமன் குலையாமல் நிற்கிறது. பெரும்பாலும்தான், முழுக்க அல்ல. மிச்சத்தைக் கழிக்கத்தான் ஜீரோ ஆஃப்செட், அதாவது மிதிக்காமல் இருக்கும்போது மீட்டர் காட்டுவதைச் சுழி என்று வைத்துக்கொள்ளச் சொல்லும் பட்டன். சேலத்து மே மாதப் புழுக்கத்தில் ஜீரோ செய்துவிட்டு ஏற்காட்டுக் குளிரில் வாட்டை நம்பக் கூடாது. ஆயுத பூஜைக்குச் சைக்கிளுக்குப் பொட்டு வைக்க மறக்காத நாம், இந்த ஒரு பட்டனை அழுத்த மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஜீரோ சரி, அளவுகோல் சரியா? இதற்கு முத்திரை வைத்த 10 கிலோ எடைக்கல் ஒன்று போதும். பின் பிரேக்கை இறுகப் பிடித்து, 170 மி.மீ. கிராங்கைக் கிடைமட்டமாக நிறுத்துங்கள். மீட்டரின் செயலி முறுக்குவிசையைக் காட்டும் என்றால், வெறுமனே ஒரு அளவும், பெடல் அச்சில் கல்லைத் தொங்கவிட்டு ஒரு அளவும் எடுங்கள். வித்தியாசம் 10 × 9.78 × 0.17, அதாவது 16.6 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். (புத்தகத்தில் 9.8 என்று இருக்கும். நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்குக் கொஞ்சம் குறைவு.) ஆனால் இடது கிராங்கை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மீட்டர் என்றால், வலது கால் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

கடைத் தராசைக்கூட அரசு சோதித்து முத்திரை குத்துகிறது. தராசை விடப் பல மடங்கு விலையுள்ள ட்ரெய்னரின் பெட்டியில் '±1%' என்று அச்சடித்தால் நாம் அப்படியே நம்பிவிடுகிறோம். அந்த எண் உண்மையா என்று சோதிப்பது நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் செய்யத்தக்க அருமையான புராஜெக்ட். சின்னத் தொகை ஒதுக்கினால் போதும்.

அப்புறம் மலை இருக்கிறது. காற்றில்லாத காலையில் ஏற்காடு ஏறுங்கள். ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 80 கிலோ, 20 கி.மீ. பாதையில் 1000 மீட்டர் உயரம், 80 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்புக்கு மட்டும் 163 வாட். அந்த வேகத்தில் டயர் உராய்வுக்கு 16, காற்றுக்கு 15 போல ஆகும். சங்கிலி இழப்பும் சேர்ந்தால் கிராங்க் சராசரி 200ஐ ஒட்டி வர வேண்டும். காற்று, டயர் மதிப்பீட்டில் கொஞ்சம் பிசகினாலும் கணக்கு பெரிதாகக் கெடாது. ஐந்தில் நான்கு பங்கு எடையும் உயரமும்தான். உயரத்தை மட்டும் ஜிபிஎஸ்ஸில் எடுக்காமல் நல்ல வரைபடத்தில் பாருங்கள்.

கிராங்க் மீட்டர் எடைக்கல், மலை இரண்டிலும் தேறிவிட்டால், ட்ரெய்னரில் ஏறி ஒரே கேடன்ஸில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற மிதி வேகத்தில்) 100, 150, 200, 250 என்று மிதித்து இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே 20 வாட் வித்தியாசம் என்றால் சுழி நகர்ந்திருக்கிறது; சூடாக்கி ஸ்பின்டவுன் செய்தால் சரியாக வாய்ப்புண்டு. வித்தியாசம் மிதியோடு சேர்ந்து வளர்ந்தால் அளவுகோலே பிசகு. அப்போது பயிற்சிச் செயலியில் கிராங்க் மீட்டரையே வாட்டுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டு, ட்ரெய்னருக்கு பிரேக் பிடிக்கும் வேலையை மட்டும் கொடுங்கள்.