ஒரே பேப்பர், இரண்டு கண்

யாழ்ப்பாணம், திருநெல்வேலிச் சந்தையடித் தேத்தண்ணிக் கடை. தேர்தல் நேரம். அண்ணனும் தம்பியும் ஒரே பேப்பரை மாறி மாறி வாசிக்கிறார்கள்.

"முழுக்க உங்கட ஆக்களுக்குத்தான் எழுதிக் கிடக்கு" என்கிறார் மூத்தவர்.

"என்னண்ணை கதைக்கிறியள்? எங்கட கூட்டத்தின்ர படம் ஒண்டு கூட இல்லை!"

இருவரும் பொய் சொல்லவில்லை. 1982இல் லெபனானின் பெய்ரூட்டில் பலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 144 மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளரும் அரபு ஆதரவாளரும் பார்த்தது ஒரே காட்சிகளைத்தான். ஆனால் இரு தரப்புமே செய்தி தமக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றது. 1985இல் வெளியான இந்த ஆய்வில் என்னை உலுக்கிய இடம் வேறு: விடயம் அதிகம் தெரிந்த ஆதரவாளர்களுக்கே அந்தச் சாய்வு கூடுதலாகத் தெரிந்தது. நமக்குச் சாதகமான வரி வெறும் உண்மையாகக் கடந்து போகிறது. பாதகமான வரி முள்ளாகத் தைக்கிறது. நிறையத் தெரிந்தவருக்கு, செய்தியில் விடுபட்டதும் சேர்ந்து தைக்கும்.

ஊடகங்கள் பக்கம் சாய்வதில்லை என்று நான் சொல்லவரவில்லை. சாய்கின்றன. அதை அளக்க நம் கோபம் உதவாது, அவ்வளவுதான்.

நிபுணர்களிடமும் இதே தராசைத்தான் தூக்குகிறோம். யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில், மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. ஆளாளுக்குப் பிடித்த அறிக்கையை எடுத்துக்கொண்டோம். 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி அங்கிருந்த மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. இழப்பீடு எவ்வளவு, குழாய்நீர் முதலில் எந்த ஊருக்கு என்பவை நீதிமன்றமும் மக்களும் தீர்க்கவேண்டியவை. தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதற்கு ஆய்வுகூடம்தான் வேண்டும்.

அந்த அறிக்கையையும் கேள்வி கேட்டே வாங்கவேண்டும். எங்கள் நிலத்தடி சுண்ணக்கல். நீர் வெடிப்புகளுக்குள்ளால் ஓடுவதால், ஒரு கிணற்றின் முடிவு பக்கத்து வளவுக்குப் பொருந்தாமல் போகலாம். எண்ணெய் மிதக்கும். போத்தலை ஆழத்தில் அமிழ்த்தி அள்ளினால் மேற்படலம் தப்பிவிடும். எத்தனை கிணறு, எந்த மாதம், எந்த முறை, செலவு யாருடையது என்று எழுதியிருக்கும் அறிக்கையை, முடிவு எனக்குப் பிடிக்காவிட்டாலும், நம்புவேன்.

மாதிரி எடுக்க வந்த இளைஞரிடம் எங்கள் அயலில் ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, மேலாலயோ அடியிலயோ அள்ளினனீங்கள்?"

அவர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, கொப்பியைத் திறந்து காட்டினார்.