‘வைல்ட் டைப்’ கெக்கோவுக்குக் கால்சியம் வேண்டாமா?

போன வாரம் லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி ஒன்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பெண், இரண்டு வயது. கீழ்த்தாடையை விரலால் லேசாகத் தொட்டேன், ரப்பர் மாதிரி வளைந்தது. கொழுப்பைச் சேர்த்து வைக்கிற வால் பென்சில் அளவுக்கு ஒட்டிப்போயிருந்தது. முன்கால்களை ஊன்றி எழ முடியாமல் வயிற்றை இழுத்துக்கொண்டே நகர்ந்தது. அந்த வயிற்றுத் தோலுக்குள் இரண்டு முட்டைகள் வெளிறித் தெரிந்தன. எடை 36 கிராம். இந்தப் பருவத்தில் ஏற்கெனவே ஆறு முறை முட்டையிட்டுவிட்டது, இது ஏழாவது.

“கால்சியம் பவுடர் போடுகிறீர்களா?” என்று கேட்டேன்.

“இது மார்ஃப் இல்லை டாக்டர், வைல்ட் டைப். அதுக்கெல்லாம் தேவைப்படாதுன்னு சொன்னாங்க.”

மார்ஃப் என்றால் வித்தியாசமான நிறத்துக்காகவே தேர்ந்து வளர்த்தெடுத்த வகை, வைல்ட் டைப் என்றால் இயல்பு நிறம். இந்த வருடம் இதே பதிலை நான் கேட்பது நான்காவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. சில மார்ஃப்களில் உண்மையாகவே பிறவிக் கோளாறு உண்டு. எனிக்மா வகையில் பல கெக்கோக்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்கும், இரையைக் குறிபார்த்துப் பிடிக்கத் தடுமாறும். லெமன் ஃப்ராஸ்ட் வகையில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் நிறமி செல்களிலிருந்து கட்டி வளரும். அந்த நிறத்தைத் தருகிற அதே மரபணுப் பகுதியோடு இந்தக் கட்டிக்கும் தொடர்பு இருக்கிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றை ஒதுக்கிவிட்டு, மஞ்சளில் கரும்புள்ளி போட்ட இயல்பு நிறக் கெக்கோவை வளர்க்க நினைப்பவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நல்ல முடிவுதான்.

ஆனால் ‘வைல்ட் டைப்’ என்பது நிறத்தைக் குறிக்கிற சொல். மரபணு அதன் வழக்கமான வடிவில் இருக்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா எனக் கல்லும் வறட்சியுமான நிலங்களில் வாழ்கிற கெக்கோ வண்டு, தேள், சிலந்தி, வெட்டுக்கிளி என்று பலதையும் தின்னும். எந்தக் கல்லிடுக்கு எவ்வளவு சூடு என்று தானே தேடிப் போகும். உங்கள் வீட்டுக் கெக்கோவுக்கு நீங்கள் போடுகிற மீல்வார்ம் புழுவையும் கிரிக்கெட் பூச்சியையும் விட்டால் வேறு வழி இல்லை. இந்தப் பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தின்கிற கெக்கோ என்ன நிறத்தில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அப்புறம், காட்டில் எத்தனை பெண் கெக்கோக்கள் முட்டைக் காலத்தில் செத்துப்போகின்றன என்று நாம் பார்ப்பதில்லை. உயிரோடு இருப்பது மட்டுமே கண்ணில் படுகிறது, அதை வைத்து ‘இயற்கையிலேயே உறுதியானது’ என்று சொல்லிவிடுகிறோம்.

ஒரு முட்டை ஏறக்குறைய 3 கிராம். ஒரு முறைக்கு இரண்டு. ஆறு முறை இட்டால் 36 கிராம். அந்தப் பெண் கெக்கோவின் மொத்த எடை எவ்வளவோ அவ்வளவை அது முட்டையாகவே வெளியே கொடுத்திருக்கிறது. அதற்கான கால்சியம் உணவில் வராதபோது சொந்த எலும்பிலிருந்து போனது. எக்ஸ்ரேயில் தொடை எலும்புக்கும் சுற்றியிருந்த சதைக்கும் நிற வித்தியாசமே தெரியவில்லை.

ஆண் கெக்கோவை ஏன் இன்னும் கூடவே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், ‘அடுத்த முட்டைக்கு வேண்டுமே’ என்கிறார்கள். வேண்டாம். பெண் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும், ஒரே இணைசேர்க்கையில் அந்தப் பருவத்தின் பல முட்டைகள் கருவுறும். சேர்ந்ததும் ஆணைத் தனிப்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கழுத்தைக் கடித்துத் துரத்திக்கொண்டே இருக்கும், பெண் சாப்பிடுவதை நிறுத்திவிடும்.

இணை சேர்க்கும் முன் பெண்ணுக்கு ஒரு வயதாவது முடிந்திருக்க வேண்டும், எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது, வால் தடிமனாக இருக்க வேண்டும். முட்டைக் காலத்தில் ஒவ்வொரு முறையும் பூச்சியைக் கால்சியம் பவுடரில் புரட்டிப் போடுங்கள். வைட்டமின் டி3 கலந்த பவுடரை அளவோடு கொடுங்கள், அது அதிகமானாலும் கெடுதல். பூச்சிக்கு முதலில் நல்ல தீனி போட்டுவிட்டு அப்புறம் கெக்கோவுக்குக் கொடுங்கள். ஈரமான தேங்காய் நார்த்தூள் நிரப்பிய மூடிய டப்பா ஒன்று கட்டாயம் வேண்டும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும். நாள்கணக்கில் தோண்டிக்கொண்டே இருக்கிறது, முட்டை வரவில்லை, கண் குழிவிழுகிறது என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். எண்ணெய் தடவி வயிற்றை அமுக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உள்ளே முட்டை உடைந்து நான் இழந்த கெக்கோக்கள் உண்டு.

முட்டையை எடுக்கும்போது மேல்பக்கத்தில் பென்சிலால் குறி போட்டு, அதே நிலையில் வையுங்கள். கோழி முட்டை மாதிரி திருப்பினால் கரு செத்துவிடலாம். 26 டிகிரி செல்சியஸில் அடைகாத்தால் அநேகமாக எல்லாமே பெண், 32.5-ஐ ஒட்டி வைத்தால் பெரும்பாலும் ஆண். இன்னும் சூட்டை ஏற்றினால் ஆணின் எண்ணிக்கை கூடாது, 34-க்கு மேல் மறுபடியும் பெண்தான் வரும்.

குஞ்சுகளை எங்கே வைப்பீர்கள் என்பதையும் முன்பே யோசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி, தனிச் சூடு, பதினைந்து இருபது வருட ஆயுள். புது ரத்தம் வேண்டும் என்று காட்டில் பிடித்த கெக்கோவை வாங்காதீர்கள். எங்கே வாங்கினாலும் மூன்று மாதம் தனியறையில் வைத்து, மலப் பரிசோதனை செய்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். கிரிப்டோ (கிரிப்டோஸ்போரிடியம்) என்ற குடல் ஒட்டுண்ணி உள்ளே நுழைந்துவிட்டால் நிச்சயமான மருந்து கிடையாது.

அந்தப் பெண் கெக்கோவுக்கு மூன்று நாள் கால்சியமும் நீரும் கொடுத்துச் சூட்டில் வைத்த பிறகு இரண்டு முட்டையையும் தானே இட்டது. நேற்று எடை 34 கிராம். தாடை இன்னும் வளைகிறது, ஆனால் ஒரு கிரிக்கெட்டைத் தானாகவே பிடித்துத் தின்றது. அடுத்த பருவத்தில் சேர்க்கலாமா என்று அதைக் கொண்டுவந்த தம்பி கேட்டார். கூடாது என்று சொல்லி, ஒரு சமையலறைத் தராசு வாங்கி வாராவாரம் எடையை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.