வி-சிங்க்: யாருக்கு யார் இசைவது?

பழைய கன்சோல் வீடியோ ஆட்டங்களை எமுலேட்டரில் (பழைய கன்சோல் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஓட்டுகிறவர்கள் செட்டிங்ஸில் முதலில் தேடும் சொல் வி-சிங்க். வெர்ட்டிகல் சிங்க்ரனைசேஷன் என்பதன் சுருக்கம். கிரேக்கத்தில் 'சின்' என்றால் சேர்ந்து, 'க்ரோனோஸ்' என்றால் காலம்.

வெர்ட்டிகல் எங்கிருந்து வந்தது? பழைய குழாய் டிவியில் எலெக்ட்ரான் கற்றை வரி வரியாகப் படத்தை வரைந்துகொண்டே கீழே இறங்கும். அடியைத் தொட்டதும் மறுபடி உச்சிக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலுக்கான சைகைதான் வெர்ட்டிகல் சிங்க். தாவுகிற இடைவெளியில் படத்தை மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது. பாதி வரைந்திருக்கும்போது மாற்றினால் தெரியும். பக்கவாட்டில் ஓடும் ஆட்டத்தில் ஒரு கம்பத்தைக் கவனியுங்கள்: மேல்பாதி பழைய ஃபிரேமில் (ஃபிரேம் என்றால் ஒரு முழுப் படம்), கீழ்ப்பாதி புதிய ஃபிரேமில், கம்பம் நடுவில் வெட்டுப்பட்டு விலகி நிற்கும். ஸ்க்ரீன் டியரிங் என்பது இதுதான். 'திரைக் கிழிசல்' என்றாலே போதும்.

வி-சிங்க் போட்டால், அந்தத் தாவல் இடைவெளி வரும்வரை படம் மாறாமல் காத்திருக்கும். சரி, வி-சிங்க் போட்டாயிற்று, கிழிசல் போயிற்று. அப்புறம் திக்கல் வருகிறது. நின்டெண்டோவின் அமெரிக்க என்ஈஎஸ் கன்சோல் நொடிக்கு சுமார் 60.1 ஃபிரேம் தரும். சாதாரண மானிட்டர் 60 தான் காட்டும். பத்து நொடிக்கு ஒரு ஃபிரேம் மிஞ்சுகிறது, அதைக் கைவிட வேண்டும். நின்டெண்டோவின் கைக்கருவியான கேம் பாய்க்கு 59.73, அங்கே நாலு நொடிக்குள் ஒரு ஃபிரேம் இரண்டு முறை வருகிறது. சீராக நகரும் பின்னணியில் இந்தத் தடுக்கல் நன்றாகவே உறுத்தும்.

அதனால் ரெட்ரோஆர்ச் போன்ற எமுலேட்டர் மென்பொருள்கள் ஆட்டத்தையே மானிட்டரின் வேகத்துக்கு இழுத்துவிடுகின்றன. என்ஈஎஸ்ஸுக்கு 0.2 சதவீதம்கூட மாறாது. ஆனால் ஆட்டம் மெதுவானால் ஒலி மாதிரிகளும் (ஒலியைக் கட்டும் சின்னச் சின்ன அளவீடுகள்) குறையும், ஸ்பீக்கரில் பொரியும் சத்தம் கேட்கும். அதைத் தவிர்க்க ஒலியையும் துளி நீட்டுகிறார்கள். சுருதி மாறுவது காதில் விழாது. ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 ஃபிரேம்) ஆட்டங்களுக்கு இந்த வித்தை பலிக்காது. இடைவெளி பெரிது; மானிட்டரை 50க்கோ 100க்கோ மாற்றுவதே வழி.

தமிழில் நேர்ச்சொல் 'செங்குத்து ஒத்திசைவு'. எனக்கு இதில் முதல் பாதி பிடிக்கவில்லை, ஏதோ மலைச்சரிவு போல ஒலிக்கிறது. 'திரை ஒத்திசைவு' என்பேன். இரண்டாம் பாதியோ கிரேக்க மூலத்தைவிடப் பொருத்தம். இசைதல் என்றால் உடன்படுதல். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் இசைகிறார். வி-சிங்கில் திரைக்கு ஆட்டம் இசைகிறது. ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் மானிட்டர்களில் தலைகீழ்: ஃபிரேம் வரும்வரை திரை காத்திருக்கிறது, ஆட்டத்துக்குத் திரை இசைகிறது. அப்படிப்பட்ட மானிட்டர் இருந்தால், ஆட்டத்தின் அசல் ஃபிரேம் வேகத்துக்கே ஒத்துப்போகச் சொல்லும் தேர்வு ரெட்ரோஆர்ச்சில் இருக்கிறது; அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.