தளர்ந்த போல்ட்தான் உடைகிறது

கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் பட்டறைப் பக்கம் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். டிராக்டரின் பின்பக்கம், டிரெய்லர் கொக்கியைத் தாங்கும் இரும்புப் பட்டையில் நான்கு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கும். நான்காவதன் தலை எங்கோ வரப்பில் விழுந்திருக்கும். உடல் மட்டும் ஹவுசிங்குக்குள், அதாவது டிராக்டரின் பின்பக்க வார்ப்பிரும்புக் கூட்டுக்குள், மாட்டிக்கொண்டிருக்கும். "லோடு ஜாஸ்திண்ணே, அதான் முறிஞ்சிடுச்சு" என்பார் டிரைவர்.

அப்படி முறிந்த 16 மி.மீ. போல்ட் ஒன்றின் தலையைக் கேட்டு வாங்கிவந்து, விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தின் பெரும்பகுதி வழவழப்பாக இருந்தது. அதில், அலை திரும்பிப் போன மணலில் இருப்பதுபோல் வளைவு வளைவாகக் கோடுகள். ஓரத்தில் துரு. எதிர்ப்பக்கம், மொத்தத்தில் கால்வாசிகூட இருக்காது, உடைத்த கருப்பட்டிபோல் சொரசொரவென்று இருந்தது.

ஒரே இழுப்பில் முறிந்திருந்தால் முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருந்திருக்கும். போல்ட்டும் கொஞ்சம் நீண்டு இடை மெலிந்திருக்கும். இது அப்படியில்லை. மரையின் பள்ளத்தில் ஒரு மெல்லிய வெடிப்பு தொடங்கி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் துளித்துளியாக உள்ளே ஊர்ந்திருக்கிறது. ஓரத்தில் துருப்பிடிக்கும் அளவுக்கு அது பழைய வெடிப்பு. கடைசி நாளில் பாரத்தைத் தாங்கியது அந்தக் கால்வாசி இரும்பு மட்டுமே. அதாவது, முழு போல்ட்டை ஒரே இழுப்பில் முறிக்கப் போதாத ஒரு பாரம்தான் இதை முறித்திருக்கிறது.

இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குப் போன ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் திடீரென்று முறிகிறது என்ற கேள்வி பொறியாளர்களை அதன்பின் விடவேயில்லை. ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்து விடை சொன்னார்: ஒருமுறை தாங்கும் பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமும், பல லட்சம் முறை வந்தால் முறித்துவிடும்.

அப்படியானால் எல்லா போல்ட்டும் முறிய வேண்டுமே? இங்கேதான் நாம் பொதுவாக நினைப்பது தவறாகிறது. பாரத்தை நேரடியாகத் தாங்கும் முளை என்றே போல்ட்டை நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். தலையில் 8.8 என்ற பலக் குறியீடு பொறித்த 16 மி.மீ. போல்ட்டை முறையாக முறுக்கினால், அது நீண்டு, ஏறக்குறைய 7 டன் விசையோடு பட்டையை ஹவுசிங்கின் மேல் அழுத்திப் பிடிக்கும். டிரெய்லரின் இழுப்பைத் தாங்குவது அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான். உராய்வு பிடித்திருக்கும்வரை டிரெய்லரின் ஆட்டத்தில் மிகச் சிறு பங்குதான் போல்ட்டுக்குப் போகும்.

அந்த நீட்சி எவ்வளவு தெரியுமா? 50 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 0.1 மி.மீ. அவ்வளவுதான். பட்டைக்கு அடியில் இருந்த பெயின்ட் பூச்சு நசுங்கி 0.05 மி.மீ. குறைந்தாலே பிடிமானத்தில் பாதி போய்விடும். பிறகு பட்டை நழுவத் தொடங்கும். போல்ட் இடமும் வலமும் வளையும். அந்தப் பக்கவாட்டு நழுவலே மரையைத் தானாகக் கழலவைக்கும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் காட்டினார். நம் ஆட்கள் நம்பிப் போடும் ஸ்பிரிங் வாஷர் இதைத் தடுப்பதில்லை.

சரி, உள்ளே இருக்கும் துண்டை எடுப்பது எப்படி? முதலில் அது எப்படி முறிந்தது என்று பாருங்கள். ஓட்டத்தில் தலை போனது என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. தலை போனதும் இழுவிசையும் போய்விட்டது. துண்டைப் பிடித்திருப்பது துருவும் அழுக்கும்தான். துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டு, கூர் உளியை ஓரத்தில் வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாகத் தட்டினாலே பல நேரம் சுழன்று வந்துவிடும். கழற்றும்போது முறுக்கி ஒடித்ததென்றால் கதை வேறு. அது இறுகிப்போன போல்ட்.

அப்படிப்பட்ட துண்டின் நடுவில் சரியாக பஞ்ச் அடித்து, குறைந்த வேகத்தில் துளை போட வேண்டும். இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால், துளை போடும்போதே துண்டு வெளியே வந்துவிடுவதும் உண்டு. துளைக்குள் எதிர்ப்பக்கமாகத் திருகித் துண்டை வெளியே எடுக்கும் ஈஸி அவுட்டை நான் கடைசியில்தான் எடுப்பேன். அது மிகக் கடினமான எஃகு, ஆனால் நொறுங்கும். உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது.

எனக்குப் பிடித்தது நட் வைத்து வெல்டிங் செய்யும் வழி. துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே பற்றவைக்கும்போது துண்டு செக்கச்சிவக்கிறது. விரியப் பார்க்கிறது, சுற்றியுள்ள வார்ப்பிரும்பு விடுவதில்லை. அதனால் தனக்குள்ளேயே நசுங்குகிறது. ஆறும்போது முன்பிருந்ததைவிடச் சற்று ஒடுங்குகிறது. பிடித்திருந்த துரு நொறுங்குகிறது. ஸ்பேனரை மாட்டி, முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றலாம். டிரெய்லரைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பேட்டரி வயரை எடுத்துவிட்டு, கசிந்த ஆயிலைத் துடைத்தபிறகே வெல்டிங்கைத் தொட வேண்டும்.

புதிய போல்ட் போடும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். லேத்தில் சாதாரண இரும்புக் கம்பியைக் கடைந்து மரை வெட்டித் தருவார்கள், வேண்டாம். அந்தக் கம்பி 8.8 போல்ட் தாங்கும் இழுவிசையில் பாதியைக்கூடத் தாங்காமல் நீண்டுவிடும். வெட்டிய மரையின் பள்ளத்தில் வெடிப்பும் சீக்கிரம் தொடங்கும். கழலக் கூடாதென்று தலையைப் பற்றவைப்பதும் கெடுதல்; போல்ட்டுக்குப் பலம் தந்த வெப்பப் பதம் அந்தச் சூட்டில் போய்விடும். மீதி மூன்றையும் மாற்றிவிடுங்கள். அவையும் அதே குலுக்கலை வாங்கியவை. எதில் வெடிப்பு ஓடுகிறதென்று வெளியே தெரியாது.

பட்டையின் அடியில் இருக்கும் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி எடுத்துவிட்டு, டிராக்டர் கையேடு சொல்லும் அளவுக்கு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். கைக்கணக்கு இங்கே ஏமாற்றும். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது, மீதியை உராய்வு தின்றுவிடுகிறது. மரை காய்ந்திருக்கிறதா, எண்ணெய் பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அந்தக் கணக்கு மாறும்.

முதல் லோடு இறக்கியதும் இன்னொருமுறை ரென்ச் வைத்துப் பாருங்கள். அப்போதே ஒவ்வொரு தலையிலிருந்தும் பட்டைவரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். டீசல் போட நிறுத்தும்போது குனிந்து ஒரு பார்வை போதும்: கோடு நேராக இருந்தால் போல்ட் சுழலவில்லை.