‘தலைகீழ் சைன்’ என்றொரு சைன் இல்லை

கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து உயர்தர இணைந்த கணித ரியூசன் குறிப்புகளில் ‘தலைகீழ் சைன்’ என்று கண்ணில் படாத நாள் குறைவு. சைன்⁻¹ என்பதற்கு அகராதியின் முதற் பொருளைப் பிடித்துப்போட்ட பெயர். நமக்கு ‘நேர்மாறு சைன்’ என்ற நல்ல சொல் முன்பே இருக்கிறது.

அந்த −1 ஐ இவ்விடத்தில் புகுத்தியவர் ஆங்கிலேய அறிஞர் ஜோன் ஹேர்ஷல், 1813இல். அது அடுக்கு அல்ல. சைனுக்குக் கோணத்தைக் கொடுத்தால் விகிதம் வரும்; நேர்மாறு சைனுக்கு விகிதத்தைக் கொடுத்தால் கோணம் வரும்.

தலைகீழ் என்று கேட்ட பிள்ளை பின்னத்தைக் கவிழ்க்காமல் வேறென்ன செய்யும்? 1 ஐ ஓர் எண்ணால் வகுத்துக் கவிழ்ப்பதற்குப் பெயர் நிகர்மாறு. சைனின் நிகர்மாறு கோசீக்கன். அதற்கும் இதற்கும் ஒட்டு உறவில்லை. கோசைன்(சைன்⁻¹ 3/5) ஐ எடுங்கள். உள்ளே இருப்பது ஒரு கோணம், அதன் சைன் 3/5. செங்கோண முக்கோணி ஒன்றை வரைந்து எதிர்ப்பக்கத்துக்கு 3, செம்பக்கத்துக்கு 5 இட்டால், பைதகரசுப்படி அயற்பக்கம் 4. விடை 4/5. ‘தலைகீழ்’ பிள்ளையோ 1 ஐச் சைன் 0.6 ஆல் வகுத்து 1.771 எடுத்து, ஆரையனில் (பாகைக்குப் பதிலான கோண அலகு, ரேடியன்) அதன் கோசைனைக் கண்டு, −0.199 என்று எழுதிவிட்டு வரும். முக்கோணி வரையவே தோன்றாது, ஏனெனில் அதன் கண்ணில் கோணமே படவில்லை.

‘நேர்மாறு விகிதசமனிலும் நிகர்மாறுதானே வருகிறது, அப்படியானால் நேர்மாறும் குழப்பந்தானே’ என்பார்கள். வாதம் நியாயமானது. ஆனால் நேர்மாறு தாயம் (மேட்ரிக்ஸ்), நேர்மாறுச் சார்பு என்று அதே சொல் ஒழுங்காகப் பழகியிருக்கிறது. தலைகீழுக்கு அந்தப் பழக்கமும் இல்லை. என்னைக் கேட்டால் ‘வில்சைன்’ இன்னும் தெளிவு: அலகு வட்டத்தில் அந்தச் சைனுக்குரிய வில்லின் நீளமே ஆரையனில் கோணம். சைன் என்ற சொல்லே வடமொழியில் வில்லின் நாணைக் குறித்த ஜீவாவிலிருந்து அரபு, இலத்தீன் வழியாகத் திரிந்து வந்ததுதான். வில்லும் நாணும் தமிழில் கைவசம் இருக்க, மொழிபெயர்ப்பவர்கள் ஏன் பாத்திரத்தைக் கவிழ்க்கிறார்களோ!

சொல் சரியானாலும் + − குறி தவறும். முக்கோணி நீளங்களை மட்டுமே தரும். தான்சன்(கோசைன்⁻¹(−2/3)) இல் பக்கங்கள் 2, √5, 3. ஆனால் நேர்மாறு கோசைனின் வீச்சு 0° முதல் 180° வரை, மறைப் பெறுமானத்துக்குக் கோணம் இரண்டாம் கால்வட்டத்தில். அங்கே தான்சன் மறை, ஆகவே −√5/2. அதே −2/3 நேர்மாறு சைனுக்குள் இருந்தால் கோணம் நான்காம் கால்வட்டத்தில் விழும், தான்சன் −2/√5. அங்கே கோசைன் மட்டும் நேர்க்குறியுடனேயே நிற்கும், √5/3.