முனை: 'கேப்' என்பதற்குரிய தமிழ்

நாகர்கோவில்காரர்கள் பலர் கன்னியாகுமரியைக் 'கேப்' என்றே சொல்லிப் பழகியவர்கள். "கேப்புக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்று பெரியவர்கள் கேட்பதைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். நகரில் கேப் ரோடே இருக்கிறது. வெள்ளையர் எழுதிய 'கேப் கொமோரின்' என்ற பெயரின் முன்பாதி அது. பின்பாதி, அயலார் நாவில் திரிந்த நம் குமரிதான். ஆகவே, தமிழாக்க வேண்டியது 'கேப்' மட்டுமே.

லத்தீனில் 'கபுத்' என்றால் தலை. அது பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து 'கேப்' ஆயிற்று. கடலுக்குள் நீண்ட நிலத்தை அவர்கள் தலையாகக் கண்டார்கள். அரபியரும் அதைத் தலை என்றே, 'ராஸ்' என்றே அழைத்தார்கள். தமிழ் கண்டது அதன் கூர்மையை. கத்திமுனை, பேனாமுனை, போர்முனை எல்லாவற்றிலும் இருக்கும் அதே முனை. 'முன்' என்பதன் உறவுச்சொல் ஆதலால், அலையை எதிர்த்து முன்நிற்பது என்ற பொருளும் அதில் கேட்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி இவ்விடத்தைக் 'கொமாரியா அக்ரோன்' என்று குறித்தார். 'அக்ரோன்' என்றால் நுனி. குமரிமுனை என்பதைத்தான் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறார்! படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

முனை உருவாவது எளிய கணக்கு. மென்மையான கரையை அலை அரித்துத் தின்றுவிடும். கடினமான பாறை நீட்டிக்கொண்டு நிற்கும். கரையை விட்டுத் தள்ளி, கடல் சூழ நிற்கும் பாறைகளும் உண்டு. விவேகானந்தர் மண்டபமும் 133 அடி வள்ளுவர் சிலையும் அப்படிப்பட்ட பாறைகளின் மேல்தான் நிற்கின்றன.

'ஓங்கல்' வேறு, அது கடலோரச் செங்குத்துப் பாறைச்சரிவு. குளச்சலுக்குக் கிழக்கே, கலங்கரை விளக்கம் நிற்கும் முட்டத்துப் பாறைகளைப் பார்த்தால் முனை நீள்வதையும் ஓங்கல் உயர்வதையும் ஒரே இடத்தில் பிரித்தறியலாம். 'கோடி' என்றால் கடைசி: தெருக்கோடி, தனுஷ்கோடி, கோடிக்கரை. கூர்மை இல்லாத எல்லைக்கும் கோடி பொருந்தும், முனை பொருந்தாது.

பாடநூல்களில் 'நன்னம்பிக்கை முனை' நிலைத்துவிட்டது. பிறகு 'தலைநிலம்' போன்ற சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு எதற்கு? 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த இந்த மாவட்டம், தலைநகர் நாகர்கோவிலாக இருந்தும், முனையிலுள்ள ஊரின் பெயரையே ஏற்றது. அந்த முனையைக் குமரிமுனை என்றே எழுதுவோம், சேர்த்து, ஒரே சொல்லாக.